சாமி, அந்த அறை மட்டும் வேண்டாம்



வீடு மந்திரிக்க நீங்கள் கூப்பிடும்போது வாசலில் கோலம் போட்டிருக்கும். பாடுபட்ட சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி எரியும். பிள்ளைகள் குளித்துத் தலைசீவி வரிசையாக நிற்பார்கள். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கூடம், அடுப்படி, மாடி என்று ஒவ்வோர் இடமாகப் போவோம். பல வீடுகளில் ஒரு கதவு மட்டும் சாத்தியிருக்கும். "சாமி, அந்த அறை மட்டும் வேண்டாம், சாமான் எல்லாம் போட்டு அடைச்சு வச்சிருக்கோம்" என்று வீட்டு அம்மா கூச்சத்தோடு சொல்வார்கள். சரி என்று கதவுக்கு வெளியே நின்றே தெளித்துவிட்டு வருவேன். அதில் குற்றம் ஒன்றுமில்லை. விருந்தாளி வரும் நாளில் எல்லாவற்றையும் வாரி ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தாத குடும்பம் எங்கே இருக்கிறது?

ஆனாலும் அந்தக் கதவைக் கடக்கும்போது உள்ளுக்குள் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. ஆண்டவர் என் வாழ்க்கைக்குள் வரும்போது, இந்த ஓர் இடம் மட்டும் வேண்டாம் என்று நான் எதைச் சாத்தி வைத்திருக்கிறேன்? இன்று உங்களோடு சேர்ந்து நானும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறேன்.

கடந்த ஞாயிறு நற்செய்தியில் மறைநூல் அறிஞர் ஒருவர் இயேசுவிடம் வந்து, கட்டளைகளில் முதன்மையானது எது என்று கேட்டார். நம்மிடம் இருப்பது எதையும் ஒதுக்கி வைக்காமல் முழுமையாகக் கடவுளை அன்பு செய்வது, அயலாரைத் தன்னைப்போல் அன்பு செய்வது என்று ஆண்டவர் பதில் சொன்னார். அறிஞரும் அதை மனமார ஒத்துக்கொண்டார். இறையாட்சிக்கு நீர் தொலைவில் இல்லை என்று ஆண்டவரே அவரைப் பாராட்டினார். ஆனால் அவர் உள்ளே வந்தாரா என்பதை மாற்கு எழுதவில்லை. வாசல்வரை வந்த மனிதராகவே அவரை விட்டுவிடுகிறார்.

மாற்கு நற்செய்தியின் அதே பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசியில், இன்று நாம் கேட்ட பகுதியில், ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கட்டளையை விளக்கிச் சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரியாது. எருசலேம் கோவிலில் பெண்கள் வரக்கூடிய முற்றத்தில், எக்காளம்போல் வாய் வைத்த 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூத மரபு சொல்கிறது. செல்வர்கள் வந்து போடுகிறார்கள். இவரும் வந்து இரண்டு சிறு செப்புக்காசுகளைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். தம்மை ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இயேசு அவரைக் கூப்பிட்டுப் பாராட்டவும் இல்லை. சீடர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு காசின் மதிப்பு என்ன? ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்கு. இன்று 640 ரூபாய்க்குக் கூலி வேலை செய்கிறவருடைய கணக்கில் பார்த்தால் 10 ரூபாய். ஒரு காசைப் போட்டுவிட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தாலும், தமக்கு இருந்ததில் பாதியைக் கொடுத்த பெண்மணி என்றுதான் நாம் இன்றும் புகழ்ந்துகொண்டிருப்போம். அவர் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நற்செய்தியைக் காட்டி ஏழைகளிடம் இன்னும் கொடுங்கள் என்று கேட்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. இதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் சொல்லும் மறைநூல் அறிஞர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே, அந்தக் கோவில் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். ஆகவே, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கொண்டுவந்து காணிக்கைப் பையில் போடாதீர்கள். அதை ஆண்டவர் உங்களிடம் கேட்கவில்லை. அந்த அம்மாவின் காசுகளைக் கோவில் நிர்வாகிகள் எப்படிச் செலவழித்தார்களோ நமக்குத் தெரியாது. ஆனால் அவற்றோடு வந்த உள்ளத்தை ஆண்டவர் பார்த்துவிட்டார். அதில் சாத்திய கதவு ஒன்றும் இல்லை.

அன்புக்குரியவர்களே, இதற்கு நேர் எதிரான ஒருவரைப் பற்றி விவிலியம் சொல்கிறது. நம்மில் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். குறிப்பேடு இரண்டாம் நூல் 25ஆம் அதிகாரத்தில் வரும் யூதா நாட்டு அரசர் அமட்சியா. இருபத்தைந்தாவது வயதில் அரியணை ஏறி 29 ஆண்டுகள் ஆட்சி செய்தவர். அவர் ஆண்டவருக்கு உகந்ததைச் செய்தார், ஆனால் அதை முழு மனத்தோடு செய்யவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறார் திருநூல் ஆசிரியர். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். ஏனென்றால் அவரைக் கெட்டவர் என்று அது சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தவர்தான். ஞாயிறு தவறாமல் வருகிற, வரியைக் கட்டிவிடுகிற, நாளும் தவசும் அனுசரிக்கிற நம்மைப் போன்றவர்தான்.

ஏதோமியரோடு போருக்குப் போகும்போது அவர் நூறு தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரயேலில் இருந்து ஓர் இலட்சம் வீரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,000 கிலோவுக்கு மேல் வெள்ளி. அப்போது கடவுளின் அடியவர் ஒருவர் வந்து, அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்கிறார். அமட்சியா கேட்ட கேள்வி நம் வீட்டுக் கேள்விதான்: கொடுத்த நூறு தாலந்து என்ன ஆவது? அதைவிட அதிகமாகத் தர ஆண்டவரால் முடியும் என்று பதில் வருகிறது. அமட்சியா பணம் போனாலும் போகட்டும் என்று கீழ்ப்படிகிறார். பெரிய காரியம் அது. நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

போரில் அவருக்கு வெற்றியும் கிடைத்தது. ஆனால் வெற்றியோடு வீடு திரும்பியவர் தோற்றுப்போனவர்களின் தெய்வச் சிலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அவற்றின் முன் விழுந்து வணங்கினார். இதை எடுத்துச் சொல்ல வந்த இறைவாக்கினரை, உன்னை அரச ஆலோசகனாக யார் வைத்தது என்று கேட்டு வாயடைத்தார். பண விஷயத்தில் கடவுளை உள்ளே விட்டவர், அகந்தை குடியிருந்த அறைக்குள் மட்டும் விடவில்லை. கடைசியில் அந்த அறைதான் அவரைக் கவிழ்த்தது. நமக்கும் பல நேரம் அப்படித்தான் நடக்கிறது. பெரிய பெரிய தியாகங்களையெல்லாம் செய்துவிடுவோம். மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த நகையை விற்று, ஆபத்தில் இருந்த தம்பிக்கு உதவியிருப்போம். ஆனால் அதே தம்பி ஒருநாள் சொன்ன ஒரு சொல்லைப் பதினைந்து ஆண்டுகளாக மன்னிக்காமல் வைத்திருப்போம்.

முழு மனத்தோடு கடவுளுக்குப் பணி செய்வது என்பது துறவிகளுக்கும் குருக்களுக்கும் ஆனது என்று சிலர் நினைக்கிறீர்கள். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கிற புனிதர் ஒரு குடும்பஸ்தர். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரசுப் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு அரசரின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுத் தளபதி டிலெனாய்தான் அவருக்கு நண்பர். வீட்டில் இழப்புமேல் இழப்பு வந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்தபோது, அந்த நண்பர் யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கதை அவரை விடவில்லை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் கையால் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

சகோதர சகோதரிகளே, அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு வழிபாடு, வீட்டில் செபம், அரண்மனையில் வேலை, தெருவில் பழைய மரியாதை என்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. உயர்ந்த சாதியில் பிறந்தவர், தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களோடு ஒன்றாகப் பழகினார், ஒன்றாக உண்டார். எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று செபத்தில் சொல்லிவிட்டுத் தெருவில் வேறு மாதிரி நடக்க அவரால் முடியவில்லை. பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவருடைய கல்லறைக்கு முன்னால் உங்களில் பலர் முழங்காலிட்டிருக்கிறீர்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை எடுத்துவிட்டது. இப்போது அவர் வெறும் தேவசகாயம். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் இந்தக் கதையின் வலிக்கிற பகுதியையும் நான் சொல்லாமல் இருக்கக் கூடாது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1872இல் ஓர் ஆலயம் எழுந்தது. பலிபீடம் ஒன்று, ஆனால் அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒரு பக்கம் சில சாதியார், மறுபக்கம் மற்றவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் ஒரே பலிபீடத்தைப் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். அப்படித்தான் அங்கே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலி கண்டார்கள். பிரித்த சுவர் 1910இல் அகற்றப்பட்டது. அதைத் திரும்ப எழுப்பித் தர வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அந்த மக்கள் பக்தி இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அழுது செபித்தவர்கள், நோன்பு இருந்தவர்கள், ஆலயத்துக்காக உழைத்தவர்கள். ஓர் அறையை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் இடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நம் நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களின் நடுவே இன்னும் சுவர் நிற்கிறது. இந்த மாதம் இரண்டாம் தேதி நாம் எல்லாரும் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். இறந்தவர்களுக்கு நிலையான இளைப்பாற்றி வேண்டிச் செபித்தோம். அவர்கள் இளைப்பாறும் இடத்தில் அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார் என்று கடவுள் பார்க்கிறாரா? திருமண ஓலை வாசிக்கும்போது, பையன் நல்லவனா என்பதற்கு முன்னால் நம் நாவில் வருகிற கேள்வி எது? இதை உங்களைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆண்டவர் தட்டுகிற கதவு எது என்று நாம் எல்லாருமாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

உங்களில் சிலருக்கு அந்த அறை சாதியாக இருக்காது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் பேசாமல் கழிக்கும் மாதங்களாக இருக்கலாம். கைப்பேசியில் யாருக்கும் தெரியாமல் திறந்து மூடும் பக்கமாக இருக்கலாம். வட்டிக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு நோட்டாக இருக்கலாம். அல்லது பாவமே இல்லாத ஒரு துயரமாகவும் இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், எல்லாச் செபத்தையும் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் ஆண்டவரிடம் பேச மாட்டேன் என்று வைராக்கியமாக இருக்கிறார். அம்மா, உங்கள் கோபத்தோடேயே அதை அவரிடம் சொல்லுங்கள். யோபு சொன்னார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை.

இப்போது உங்கள் மனதில் ஒரு பயம் வரலாம். "சாமி, செபமாலை சொல்லும்போதே என் மனம் அடுப்பில் வைத்த குக்கருக்கும் மகனுடைய விசாவுக்கும் ஓடிவிடுகிறது. நான் எங்கே முழு மனத்தோடு கடவுளுக்குப் பணி செய்வது?" என்று கேட்பீர்கள். மனம் அலைவது ஒன்று, கதவைச் சாத்துவது வேறு. குக்கரையும் விசாவையும் அவரிடமிருந்து மறைக்கிறீர்களா என்ன? அவற்றையே செபமாக்கிக் கொடுத்துவிடுங்கள். மார்த்தா பரபரப்பாகச் சமைத்துக்கொண்டிருந்தபோது ஆண்டவர் சமையலைக் குறைசொல்லவில்லை. அவள் மனம் பல பக்கமும் இழுபட்டுக் கலங்குவதைத்தான் பார்த்து, அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்தார். கோபத்தில் யாரும் அப்படி இருமுறை கூப்பிடுவதில்லை.

உணர்ச்சி வரவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்கத்தாவின் புனித அன்னை தெரேசா இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியாயின. பல பத்தாண்டுகளாகச் செபத்தில் கடவுளின் இனிமையை உணராமல் இருளில் நடந்தவர் அவர் என்று அப்போதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த இருளிலும் அதிகாலையில் எழுந்து நற்கருணைக்கு முன் முழங்காலிட்டார். பிறகு தெருவுக்குப் போனார். உணர்ச்சி வருவதும் போவதும் நம் கையில் இல்லை. எழுந்து போவது நம்மால் முடியும்.

மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தையைப் பார்க்கிறோம். தீய ஆவி பிடித்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர். சீடர்களால் முடியாமல் போய்விட்டது, கூட்டம் கூடிவிட்டது. உம்மால் முடிந்தால் உதவும் என்கிறார். நம்புகிறவருக்கு எல்லாம் முடியும் என்று ஆண்டவர் சொன்னதும், நம்புகிறேன் என்று கதறுகிறார். அதே மூச்சில், இல்லாத நம்பிக்கைக்கும் நீரே உதவும் என்று கெஞ்சுகிறார். பாதி நம்பிக்கையும் பாதி நம்பிக்கையின்மையுமாக அவர் முன்னால் நின்ற மனிதர் அவர். முழுமையாக நம்பிவிட்டு வா என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பினாரா? இல்லை. மகனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தத் தந்தை தம்மிடம் இருந்ததையும் இல்லாததையும் மறைக்காமல் கொண்டுவந்தார். ஆண்டவருக்கு அது போதுமானதாக இருந்தது. உடைந்து பிரிந்து கிடக்கும் உள்ளத்தை ஒன்றாக்கித் தாரும் என்று திருப்பாடல் ஆசிரியரும் கடவுளிடம்தான் கேட்கிறார். ஒன்றாக்குவது அவர் வேலை. கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் நம் வேலை.

முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களே, இனி என்னால் என்ன செய்ய முடியும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். ஆண்டவரை முழுமையாகப் பின்பற்றியவர் என்று பெயர் வாங்கிய காலேபு, எபிரோன் மலைநாட்டைத் தமக்குத் தரும்படி யோசுவாவிடம் கேட்டபோது அவருக்கு வயது 85. நீங்கள் மலை ஏற வேண்டாம். பேசாமல் இருக்கிற உங்கள் இரண்டு பிள்ளைகளையும் இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். உங்களால்தான் அது முடியும்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து நான் ஒப்புரவு அருளடையாளத்துக்காக ஆலயத்தில் இருப்பேன். பல ஆண்டுகளாக வராதவர்கள் தயங்காமல் வாருங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள், சேர்ந்து தொடங்குவோம். கோர்வையாகச் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை. அழுகை வந்தாலும் பரவாயில்லை. அந்த இரண்டு காசைப் பார்த்தவருடைய கண்கள், நீங்கள் கொண்டுவருவது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பார்க்கும். இனி எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.